ஒன்பது காசு வைத்துப் பிடித்த தப்பு

எக்ஸ்ரே டெக்னீஷியன், மதுரைப் பக்கம்:

போன வருஷம் நடந்தது. செஸ்ட் படங்களில் ஒரு மாதமாக வலது ஓரம் வெட்டுப்பட்டே வந்தது. அப்போதுதான் டிப்ளமோ முடித்த ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பழி அவள் மேல். "கொலிமேஷனை ரொம்ப இறுக்காதே, அகலமாத் திற" என்று நானே நாலு தடவை சொன்னேன். கொலிமேஷன் என்றால் கதிர் விழும் கட்டத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது. அதைச் செய்யும் பெட்டிதான் கொலிமேட்டர்; கதிர் விழும் இடத்தை அதன் விளக்கு வெளிச்சக் கட்டமாகக் காட்டும். அகலமாகத் திறந்தால் வேண்டாத இடத்திலும் கதிர் விழும் என்பது எனக்குத் தெரியாதா? ரிப்பீட் (படத்தைத் திரும்ப எடுப்பது) குறைந்தால் போதும் என்றிருந்தேன்.

ஒரு நைட் டூட்டியில் எனக்கே இரண்டு படம் அப்படி வந்தது. மறுநாள் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணா, காலேஜ்ல காசு வெச்சு ஒரு டெஸ்ட் பண்ணுவோம். பண்ணிப் பார்க்கலாமா?"

டீக்கு வைத்திருந்த ஒரு ரூபாய்க் காசுகள். மேசையில் கேசட் (படம் பதியும் தட்டு), டியூப் (கதிர் வரும் குழாய்) 100 செ.மீ. உயரத்தில். விளக்கைப் போட்டு, வெளிச்சக் கட்டத்தின் ஒவ்வொரு விளிம்பிலும் கோட்டைத் தொட்டபடி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஆக எட்டு. எந்தப் பக்கம் எது என்று குழம்பாமலிருக்க, உள்ளே ஒரு மூலையில் ஒன்பதாவது. எக்ஸ்போஷர் கொடுத்துப் பார்த்தால், ஒரு பக்கம் வெளிக்காசு முழுசாகத் தெரிகிறது. எதிர்ப்பக்கம் உள்காசையே காணோம்! அதாவது வெளிச்சம் ஓரிடம், கதிர் ஓரிடம். ஒரு காசின் அகலமே 2 செ.மீ.க்கு மேல். அந்த உயரத்துக்கு 2 செ.மீ.க்குள்தான் பிசகலாம். செஸ்ட் எடுக்கும் 180 செ.மீ.க்கு எங்கள் பிசகு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும்.

காரணம் சின்னது. நாம் பார்க்கிற வெளிச்சம் டியூபிலிருந்து வருவதில்லை. கொலிமேட்டருக்குள் பக்கவாட்டில் இருக்கும் பல்பு, கண்ணாடியில் பட்டுக் கீழே விழுகிறது. பல்பு ஃபியூஸ் ஆனபோது ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனே மாற்றிவிட்டுப் போனார். அதற்கப்புறம் யாரும் சரிபார்க்கவில்லை. சர்வீஸ் ஆள் வந்து அரை மணி நேரத்தில் சரிசெய்தார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

சி.டி. டெக்னீஷியன், கோவை:

சார், எங்கள் கதை இன்னும் மோசம். காலையில் தண்ணீர் ஃபாண்டத்தை (சோதனைக்கான தண்ணீர் நிரப்பிய உருளை) ஸ்கேன் செய்து, அதற்கு மெஷின் காட்டும் சி.டி. எண்ணை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். தண்ணீர் என்றால் 0 வரணும், நாலைந்து கூடலாம் குறையலாம். எங்கள் ரெஜிஸ்டரில் மாதம் முழுக்க ஒரே எண், ஒரே பேனா! நான் நிஜமாகவே ஸ்கேன் செய்தபோது 9 வந்தது. ஏர் கேலிப்ரேஷனை (உள்ளே எதுவும் வைக்காமல், வெறும் காற்றை ஸ்கேன் செய்து மெஷினைச் சரிப்படுத்துவது) பல நாளாகத் தாண்டிவிட்டிருக்கிறார்கள். எழுதிய பையனைக் கேட்டேன். "இது எதுக்குன்னு யாரும் சொல்லலையேக்கா" என்றான். கிட்னியில் இருப்பது வெறும் நீர்க்கட்டியா, வேறா என்று டாக்டர் பார்ப்பதே இந்த எண்ணை வைத்துத்தான் என்று அன்றுதான் உட்காரவைத்துச் சொன்னேன்.

கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறை) ஊழியர்:

லெட் ஏப்ரனை (கதிரைத் தடுக்க நாம் போடும் ஈய அங்கி) மடித்து நாற்காலியில் போடுகிறவர்கள், ஒருதடவை அதை ஃப்ளோரோவில் (ஓடும் எக்ஸ்ரே படம்) வைத்துப் பாருங்கள். எங்களுடையதில் மடிப்பு நெடுக விரிசல். வெளித்துணி புதுசு மாதிரி இருந்தது. இப்போது எல்லாமே ஹேங்கரில்.

எக்ஸ்ரே டெக்னீஷியன், மதுரைப் பக்கம்:

காசு டெஸ்ட் எத்தனை நாளுக்கு ஒருதரம் என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு: நாங்கள் மாதம் ஒருமுறை, பல்பு மாற்றினால் உடனே. ஒன்பது காசும் கன்சோல் டிராயரில் இருக்கிறது. டீக்கு எடுத்தால் அந்தப் பெண் திட்டுவாள்.