30 வருடம் ஆகப்போகும் சிவப்பு ஒயின்: கெட்டுவிட்டதா, முதிர்ந்ததா?

பாளைவாசி:
பிரான்சில் வேலை பார்க்கும் அத்தான் மூன்று வருடம் முன்பு ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். போர்தோ பக்கம் போயாக் என்ற ஊர், 1996 அறுவடை. அன்றிலிருந்து பீரோவுக்குள் நிற்க வைத்திருக்கிறோம். பாளையங்கோட்டையில் கத்திரி வெயில் எப்படி அடிக்கும் என்று சொல்லவேண்டாம். வருகிற ஞாயிறு அத்தான் வருகிறார், அன்றைக்குத் திறக்க ஆசை. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் கறுப்பாக வண்டல் கிடக்கிறது. ஒயினும் கழுத்தைவிட்டு இறங்கி, தோள் தொடங்கும் இடத்தில் நிற்கிறது. கெட்டுவிட்டதா? திறந்ததும் எதை வைத்து முடிவு செய்வது?

வண்ணாரப்பேட்டை:
வண்டல் விழுந்தால் கெட்டது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். குடிக்க வேண்டாம்.

தென்காசிக்காரன்:
கொட்டிவிடாதீர்கள் தம்பி. ஓட்டல்களில் ஒயின் பரிமாறும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். திராட்சைத் தோலின் நிறமும் துவர்ப்பும் வருடக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடியில் படியும். அதுதான் அந்த வண்டல். இந்த வயதுக்கு அது இருக்கத்தான் வேண்டும். மட்டம் தோள் தொடக்கத்தில் நிற்பதும் சரி. தோளின் நடுவுக்குக் கீழே போயிருந்தால்தான் காற்று புகுந்திருக்குமோ என்று கவலைப்படணும்.

எனக்குப் பயம் பீரோவைப் பற்றித்தான். இந்த ஒயின் கிடக்க வேண்டியது 12, 13 டிகிரியில், அதுவும் படுக்கை வாட்டில். நிற்க வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும்.

வெள்ளிக்கிழமையே ஆட்டாமல் அசைக்காமல் ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள். ஞாயிறு, திறக்க ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். சிவப்பு ஒயினை அறையின் சூட்டிலேயே குடிக்கலாம் என்பது குளிர் நாட்டு அறைக்குச் சொன்னது. 17, 18 டிகிரி போதும், நம் வீட்டு 33 டிகிரி ஆகாது. பழைய தக்கை உதிரும், திருகாணியை மெதுவாக நேராக இறக்குங்கள். கழுத்துக்குக் கீழே டார்ச்சைப் பிடித்தபடி ஒரே சாய்வாக வேறு கண்ணாடிக் கூஜாவில் ஊற்றுங்கள். வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். மணிக்கணக்கில் முன்னதாக ஊற்றி வைக்கவேண்டாம், வயதான ஒயின் காற்றில் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

அப்புறம் நிறம். வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் கிளாஸைச் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். நடுவில் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம் என்றால் அது வயது. முழுக்கவே கடுங்காப்பி மாதிரி இருந்தால் காற்றுப் பட்டுப் போய்விட்டது.

பாளைவாசி (ஞாயிறு மாலை):
அண்ணாச்சி, திறந்துவிட்டோம். தக்கை பாதியில் ஒடிந்தது, தூளை டீ வடிகட்டியில் வடித்தோம். நிறம் நீங்கள் சொன்னபடியே, ஓரம் மட்டும் செங்கல். ஆனால் முகர்ந்தால் நனைந்த சாக்கு வாடை. ரொம்ப நாள் பூட்டிய நெல் அறையைத் திறந்த மாதிரி இருக்கிறது என்கிறாள் அம்மா. அத்தான் முகமே வாடிவிட்டது. கொட்டிவிடவா?

தென்காசிக்காரன்:
பொறுங்கள்! கிளாஸை 20 நிமிடம் அப்படியே வையுங்கள். இத்தனை வருடம் அடைந்து கிடந்த மூச்சு என்றால் தானாகப் போய்விடும். தக்கை நோய் என்றால் நேரம் ஆக ஆக வாடை கூடும். அதற்குக் காரணம் டிசிஏ என்ற பொருள், தக்கையில் பூஞ்சை வேலையால் உண்டாவது. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே பழகிய மூக்குக்குத் தெரிந்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழ வாசனையை அமுக்கிவிடும், சரிசெய்ய வழியும் இல்லை. காடி நெடியோ நகப்பூச்சு நெடியோ தூக்கலாக இருந்தால் அது வேறு நோய். இருக்கிறதா?

பாளைவாசி:
இல்லை. சாக்கு வாடையும் அடங்கிவிட்டது! இப்போது சுருட்டுப் புகையிலை, பழைய மரப்பெட்டி, அப்புறம் அத்திப்பழ வற்றலைக் கருப்பட்டியில் போட்டுக் காய்ச்சியது போல ஒன்று. வாயில் துவர்ப்பு இருக்கிறது, ஆனால் நாக்கைப் பிடிக்கவில்லை. நன்றாக மென்ற பாக்கு மாதிரி மெத்தென்று இருக்கிறது. விழுங்கியதும் ருசி சட்டென்று நின்றுவிடுகிறது.

தென்காசிக்காரன்:
புகையிலையும் மரப்பெட்டியும் முதிர்ந்த கேபர்னே சோவின்யோனின் அடையாளம், போயாக்கில் அந்தத் திராட்சைதான் முதன்மை. துவர்ப்பு மெத்தென்று ஆனதும் வயதால் வந்த நன்மை. அந்தக் காய்ச்சிய கருப்பட்டி மணத்தைத்தான் நான் பீரோவின்மேல் போடுவேன். சூட்டில் பழம் வெந்திருக்கிறது. ருசி சட்டென்று நிற்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன், 1996 அந்தப் பக்கத்துக்கு நல்ல வருடம், பக்குவமாக வைத்திருந்தால் இன்னும் நீண்டு நின்றிருக்கும். கெடவில்லை தம்பி, இறங்குமுகத்தில் இருக்கிறது. இப்போதே குடியுங்கள், காரம் குறைத்த மட்டன் சுக்கா இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாளைவாசி:
ஒரு மணி நேரத்தில் மணம் பாதியாகிவிட்டது. நல்லவேளை, அதற்குள் முடித்துவிட்டோம். இதே வருடத்தில் இன்னொரு பாட்டில் அத்தானின் அங்குள்ள வீட்டு நிலவறையில் படுத்துக் கிடக்கிறதாம். இங்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தென்காசிக்காரன்:
நல்லது. அதைத் திறக்கும் அன்று மணத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். புகையிலை வந்து கருப்பட்டி வரவில்லை என்றால், குற்றம் பீரோ சூட்டின்மேல்தான்.