சிறு டீமுக்கு குபர்னெட்டிஸ் வேண்டாம், ஏஐ கையில் புரொடக்‌ஷன் சாவியும் வேண்டாம்

வேர்க்கடலை
பன்னிரண்டு வருடமாகச் சர்வர் வேலை பார்க்கிறேன். இப்போது ஆறு பேர் டீம், நான்கு சர்வீஸ், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள், அவ்வளவுதான். மூன்று வருடம் இதைக் குபர்னெட்டிஸில் ஓட்டினோம், பல சர்வர்களை ஒரே கிளஸ்டராகச் சேர்த்து, கன்டெய்னர்களை அதில் பரப்பி, செத்தால் தானே எழுப்பும் கருவி அது. போன பொங்கலுக்கு முன்னால் இரண்டு விஎம் (மெய்நிகர் சர்வர்), கன்டெய்னர்களை ஒரே ஃபைலில் எழுதி ஓட்டும் டாக்கர் கம்போஸ், கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் மேனேஜ்டு போஸ்ட்கிரெஸ் என்று இறக்கி வைத்துவிட்டோம், அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை மாலை நிம்மதியாகக் கிளம்புகிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். குபர்னெட்டிஸில் வருடத்துக்கு மூன்று வெர்ஷன் வரும், ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 14 மாதம். அதாவது நம் பக்கம் எதுவுமே மாறாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது கிளஸ்டரைத் தூக்கி நிறுத்தும் வேலை உண்டு. 1.24இல் டாக்கரோடு பேச உதவிய டாக்கர்ஷிம்மை எடுத்தார்கள், 1.25இல் பழைய பாதுகாப்பு விதியான பாட் செக்யூரிட்டி பாலிசியை எடுத்தார்கள், இரண்டுக்கும் எங்கள் டீமில் ஒருவர் வாரக்கணக்கில் உட்கார்ந்தார். தள்ளிப்போட்டால் காசு. அமேசானின் குபர்னெட்டிஸ் சேவையான ஈகேஎஸ்ஸில், கிளஸ்டரை நிர்வகிக்கும் கண்ட்ரோல் பிளேனுக்கு மணிக்கு 0.10 டாலர், மாதம் 73 டாலர் போல வரும். வெர்ஷன் பழசாகிவிட்டால் அதுவே மணிக்கு 0.60 ஆகிறது. ஆறு மடங்கு!

சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று ஃபைலில் எழுதினால் கிளவுட்டில் கட்டித் தரும் டெர்ராஃபார்மிலிருந்தும் வெளியே வந்துவிட்டோம். 2023 ஆகஸ்ட்டில் அதன் நிறுவனம் ஹாஷிகார்ப், திறந்த மூல எம்பிஎல் லைசன்ஸை, கட்டுப்பாடுள்ள பிஎஸ்எல் என்று மாற்றியது தெரியும்தானே, அதிலிருந்து கிளைத்து லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் போன ஓபன்டோஃபுவைத்தான் இப்போது பயன்படுத்துகிறோம்.

ஏஐ விஷயத்தில் என் கட்சி இது: லாக் படிக்க, கான்ஃபிக் வரைவு எழுத, புரியாத எர்ரரை விளக்கச் சொல்ல, தினமும் பயன்படுத்துகிறேன், இல்லாமல் இனி இருக்க மாட்டேன். ஆனால் அப்ளை செய்யும், அதாவது எழுதிய மாற்றத்தை நிஜ சர்வரில் நிறைவேற்றும் அனுமதி எந்த மாடலுக்கும் கிடையாது. வாடிக்கையாளர் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் மட்டுமல்ல, ஒத்திகை பார்க்கும் ஸ்டேஜிங்கிலும் கிடையாது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கோவை_கிளஸ்டர்
இருக்கிறது அண்ணா, நிறையவே இருக்கிறது. இரண்டு விஎம்மில் ஒன்று ராத்திரி இரண்டு மணிக்குச் செத்தால் என்ன ஆகும்? ஹெல்த் செக்குக்கு ஒரு பேஷ் ஸ்கிரிப்ட், டெப்ளாயை ஒவ்வொன்றாக உருட்ட ஒரு ஸ்கிரிப்ட், சீக்ரெட்டைக் கொண்டுபோய் வைக்க ஒன்று, சர்டிஃபிகேட் புதுப்பிக்க ஒன்று. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் உங்கள் கையில் ஒரு சொந்த குபர்னெட்டிஸ் இருக்கும், ஆனால் அதற்கு டாக்குமென்ட் இருக்காது, அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் வேலையை விட்டுப் போனால் அந்த ஐந்து பேரும் என்ன செய்வார்கள்?

கூகுள் குபர்னெட்டிஸை 2014இல் வெளியிட்ட நாளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே மாதிரி எழுதி எழுதிப் பழகிய கான்ஃபிக் ஃபைல், மேனிஃபெஸ்ட், அது. புதிதாக வருபவர் முதல் நாளே படித்துவிடுவார். ஈகேஎஸ் விலை பெரிதாகத் தெரிந்தால் கே3எஸ் என்ற சிறிய குபர்னெட்டிஸ் போடுங்கள், ஒரே பைனரி, உங்கள் அந்த இரண்டு விஎம்மிலேயே ஓடும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஏஐ தினமும் பயன்படுத்துகிறேன் என்கிறீர்கள். பொதுவெளியில் குவிந்து கிடக்கும் குபர்னெட்டிஸ் யாமலைத்தான் (மேனிஃபெஸ்ட் எழுதும் வடிவம்) மாடல்கள் படித்து வளர்ந்திருக்கின்றன. உங்கள் வீட்டு பேஷ் ஸ்கிரிப்டை எந்த மாடலும் முன்னே பார்த்தது கிடையாது. ஏஐ வந்த பிறகு எல்லோரும் பயன்படுத்தும் கருவியைப் பிடித்துக்கொள்வதுதான் லாபம், நீங்கள் எதிர்த் திசையில் போகிறீர்கள்.

டெர்ராஃபார்ம் பற்றியும் சொல்கிறேன். பிஎஸ்எல் தடுப்பது ஹாஷிகார்ப்புக்குப் போட்டியாகப் பொருள் விற்பவர்களை. பில்லிங் மென்பொருள் விற்கும் உங்களை அது தொடவே தொடாது.

வேர்க்கடலை
லைசன்ஸ் பற்றி நீங்கள் சொல்வது சரி, சட்டப்படி எங்களுக்கு ஒன்றும் இல்லை. மாறியதற்கு நிஜக் காரணம் வேறு, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எதையெல்லாம் கட்டினோம் என்று டெர்ராஃபார்ம் குறித்து வைக்கும் ஸ்டேட் ஃபைலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாகக் கிடக்கும். ஓபன்டோஃபு 1.7இல் அந்த ஃபைலையே என்கிரிப்ட் செய்யும் வசதி வந்தது. அதற்காகத்தான்.

விஎம் செத்த கதைக்கு வருகிறேன். இந்த ஒரு வருடத்தில் ஒரே தடவை போனது. இமேஜிலிருந்து புதிது எழுப்ப இருபது நிமிடம். எங்கள் வாடிக்கையாளர்கள் காலை ஒன்பதரைக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்குச் சாத்துபவர்கள், ராத்திரி இருபது நிமிடம் அவர்களுக்குத் தெரியக்கூட இல்லை. மருத்துவமனைக்கோ பணப் பரிமாற்றத்துக்கோ எழுதினால் நானும் வேறு மாதிரிதான் யோசிப்பேன்.

மாடலுக்கு யாமல் நன்றாகத் தெரியும் என்ற வாதத்தை மட்டும் ஏற்க முடியாது, ஏனென்றால் அதில்தான் நாங்கள் அடி வாங்கினோம். லைவ்னெஸ் புரோப் என்பது சர்வீஸ் உயிரோடு இருக்கிறதா என்று குபர்னெட்டிஸ் பார்க்கும் சோதனை, தோற்றால் கொன்று எழுப்பும். அதை எழுதித் தரச் சொன்னோம். அழகாக எழுதியது, ஹெல்த் பாதையில் டேட்டாபேஸ் இணைப்பையும் சேர்த்துச் சரிபார்த்தது. பார்க்கிற எவருக்கும் நல்ல யோசனையாகத்தான் தெரியும். மாதக் கடைசியில் டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானது, புரோப் தோற்றது, குபர்னெட்டிஸ் எல்லா பாட்களையும் (ஓடும் கன்டெய்னர்களை) கொன்று திரும்ப எழுப்பியது, எழுந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் டேட்டாபேஸில் புது இணைப்பு கேட்டன, அது இன்னும் மெதுவானது. மெதுவாக ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ் முழுதாகப் படுத்துவிட்டது. டேட்டாபேஸைப் பார்க்கும் வேலை கோரிக்கை ஏற்கத் தயாரா என்று மட்டும் பார்க்கும் ரெடினெஸ் புரோப்பில் கூட யோசித்துத்தான் வைக்க வேண்டும், லைவ்னெஸ்ஸில் வைக்கவே கூடாது. யாமலில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அதைப் படித்து இது ஆபத்து என்று சொல்லும் ஆள் எங்களிடம் அன்று இல்லை.

தாமிரபரணி
நீங்கள் இருவரும் ஒரு விஷயத்தைத் தொடாமலே போகிறீர்கள். வேர்க்கடலை, ஒரு கருவியின் லைசன்ஸ் மாறியதைத் தேதியோடு சொன்னீர்கள். ஆனால் தினமும் வாடகைக்கு எடுக்கும் மாடல்? ஓபன்ஏஐ 2023 மார்ச்சில் கோட் எழுதும் கோடெக்ஸ் மாடலின் ஏபிஐயை நிறுத்தியபோது கொடுத்த அவகாசம் சில நாட்கள்தான். அவர்களின் டெக்ஸ்ட்-டாவின்சி-003 மாடல் 2024 ஜனவரி 4இல் மூடப்பட்டது, அதன் பதில்களை நம்பிக் கட்டியவர்கள் எல்லாரும் பிராம்ப்டைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. டெர்ராஃபார்ம் லைசன்ஸ் மாறினாலும் பழைய வெர்ஷன் உங்கள் டிஸ்க்கில் இருக்கும், கிளை பிரிக்க முடியும். மூடிய மாடல் போனால் போனதுதான்.

அதனால்தான் எங்கள் அலுவலகத்தில் வெயிட்டை (மாடல் கற்ற எண்களை) யாரும் இறக்கிக்கொள்ளத் திறந்துவிட்ட மாடல்களை நாங்களே ஓட்டுகிறோம். மிஸ்ட்ரல் 7பி 2023இலேயே அப்பாச்சி லைசன்ஸில் வந்தது, டீப்சீக் ஆர்1 2025 ஜனவரியில் எம்ஐடி லைசன்ஸில் வந்தது. வாடிக்கையாளர் லாக் வெளியே போவதுமில்லை.

கோவை_கிளஸ்டர்
தாமிரபரணி, ஆர்1 பெயரைச் சொல்கிறீர்கள், அதை ஓட்டுகிறீர்களா? 671 பில்லியன் பாராமீட்டர். ஒன்றுக்கு ஒரு பைட் என்றால் கூட 671 ஜிபி. எட்டு எச்100 ஜிபியு கார்டு சேர்த்தால் 640 ஜிபி, வெயிட்டே உள்ளே நுழையாது, அதற்கு மேல் ஒவ்வொரு உரையாடலையும் நினைவில் வைக்க கேவி கேஷ் வேறு. 70 பில்லியன் மாடல் என்றால் கூட 16 பிட்டில் 140 ஜிபி, இரண்டு பெரிய கார்டு. அந்த ஜிபியு ராத்திரி முழுக்கச் சும்மா நின்றாலும் வாடகை ஓடும். ஏபிஐ என்றால் அனுப்பிய, பெற்ற டோக்கனுக்கு (மாடல் எழுத்தை வெட்டும் துண்டுகளுக்கு) மட்டும் காசு. சிறு டீமுக்கு குபர்னெட்டிஸ் அதிகம் என்று ஒரு பக்கம் பேசும்போது இன்னொரு பக்கம் சொந்த ஜிபியு சர்வர் என்றால் எப்படி?

தாமிரபரணி
ஆர்1 ஓட்டவில்லை. லைசன்ஸுக்கு உதாரணமாகச் சொன்னேன், ஓட்டுவது போலத் தொனித்திருந்தால் என் தவறு. நாங்கள் ஓட்டுவது 8 பில்லியன் அளவு மாடல், 4 பிட்டாகச் சுருக்கினால் வெயிட் ஐந்து ஜிபிக்குப் பக்கத்தில், 24 ஜிபி கார்டு ஒன்றில் தாராளமாக உட்கார்கிறது. வேலையும் சின்னது: தமிழில் வரும் புகார்களைப் படித்து மின்சாரமா குடிநீரா சாலையா என்று பிரிப்பது.

அதிலும் காசுக் கணக்கு உண்டு. தமிழின் ஒவ்வொரு குறியீடும் கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். 'நி' என்ற ஓரெழுத்து ந, இகரக் குறி என்று இரண்டு குறியீடாகி ஆறு பைட் ஆகிறது. ஜிபிடி-4 காலத்து டோக்கனைசர் இதைத் துண்டு துண்டாக வெட்டியது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ ஒரு மாதிரி வாக்கியத்தைக் காட்டியது: தமிழில் அது 116 டோக்கனிலிருந்து 35ஆகக் குறைந்தது. அதற்கு முன்னால் அதே புகாரைத் தமிழில் எழுதியவருக்காக மூன்று மடங்குக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தோம். டோக்கன் கணக்கில் ஏபிஐ மலிவு என்று சொல்பவர்கள் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள், எனக்கு அதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், கோட் எழுதப் பெரிய வாடகை மாடல்தான் நன்றாக இருக்கிறது. எங்களிடம் கையால் வகை குறித்த 300 புகார்கள் இருக்கின்றன. எந்த மாடல் வந்தாலும் அதில் ஓட்டிப் பார்ப்போம், ஒரு மதியத்தில் முடிவு தெரிந்துவிடும்.

கோவை_கிளஸ்டர்
அந்த 300 புகார்தான் உங்களைக் காப்பாற்றுகிறது, சொந்த ஜிபியு இல்லை. அது கையில் இருந்தால் வாடகை மாடலை நிறுத்தினாலும் அடுத்ததற்கு ஒரே மதியத்தில் போய்விடலாமே.

தாமிரபரணி
அது சரிதான். லாக் வெளியே போகக்கூடாது என்பது மட்டும் நிற்கிறது.

புதுவரவு_23
நான் வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. வேர்க்கடலை அண்ணா சொல்லும் 'ஸ்டேஜிங்கிலும் கிடையாது' எனக்கு ரொம்பக் கடுமையாகத் தெரிகிறது. எனக்கு டெர்ராஃபார்ம் சொல்லித்தர ஆளே இல்லை, ஏஜென்ட் (தானே கட்டளை ஓட்டும் ஏஐ) ஸ்டேஜிங்கில் அப்ளை செய்யும், உடையும், ஏன் உடைந்தது என்று அதையே கேட்பேன், அப்படித்தான் கற்றேன். மெட்ர் அமைப்பின் 2025 ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள், 16 டெவலப்பர்கள், ஏஐயோடு 19 சதவீதம் அதிக நேரம் எடுத்தார்கள், ஆனால் 20 சதவீதம் வேகமானதாக நம்பினார்கள் என்று. அவர்கள் பல வருடம் தாங்களே வளர்த்த கோட் ரெப்போவில் வேலை செய்தவர்கள். ஒன்றும் தெரியாத இடத்தில் நிற்கும் என் நிலைக்கு அது பொருந்தாது.

வேர்க்கடலை
நியாயமான பேச்சு. அந்த ஆய்வை நானும் எடுத்து வீசத்தான் இருந்தேன், தம்பி முந்திக்கொண்டார். கற்றுக்கொள்ள என்று தனிக் கணக்கு, தனிக் கார்டு, செலவுக்கு வரம்பு வைத்துக்கொண்டு உடைத்தால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. எங்கள் ஸ்டேஜிங் அப்படியில்லை, புரொடக்‌ஷனோடு அதே கிளவுட் கணக்கில் இருக்கிறது, அதனால்தான் சாவி தரவில்லை. 2025 ஜூலையில் ஏஐயால் ஆப் கட்டித் தரும் ரெப்லிட்டின் ஏஜென்ட் ஒருவருடைய புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்தது, அதன் சிஇஓ வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், டெவலப்மென்ட்டையும் புரொடக்‌ஷனையும் தனியாகப் பிரித்தார்கள். எதையும் மாற்றாதே என்று பிராம்ப்டில் சொல்லியிருந்தும் நடந்தது அது. சொல்லி வைப்பது பூட்டு ஆகாது.

எங்களுக்கும் மயிரிழையில் தப்பியது. ஓபன்டோஃபு மாட்யூலை ஒழுங்குபடுத்தச் சொன்னோம், மாடல் டேட்டாபேஸ் ரிசோர்ஸின் பெயரை மாற்றி வைத்தது. கோட் மாற்றத்தைக் காட்டும் டிஃப்பில் பார்த்தால் ஒரே வரி, பெயர் முன்பைவிடத் தெளிவு. அப்ளைக்கு முன் என்ன மாறும் என்று காட்டும் பிளானில் பார்த்தால் ஒன்று சேர்க்கப்படும், ஒன்று அழிக்கப்படும். டோஃபுவுக்கு முகவரிதான் அடையாளம், பெயர் மாறினால் பழையதை அழித்துப் புதிதாகக் கட்டும். பெயர்தான் மாறியது என்று சொல்லும் மூவ்டு பிளாக் ஒன்று எழுதியிருந்தால் போதும், மாடல் எழுதவில்லை. அப்ரூவ் அழுத்தப் போன பையன் கடைசி வரியைப் படித்ததால் பிழைத்தோம். அதற்கப்புறம் எல்லா டேட்டாபேஸ் பிளாக்கிலும் அழிப்பைத் தடுக்கும் பிரிவென்ட்-டெஸ்ட்ராய் போட்டுவிட்டேன்.

கோவை_கிளஸ்டர்
அண்ணா, அது அன்று உங்களைக் காப்பாற்றியிருக்காது. பிரிவென்ட்-டெஸ்ட்ராய் இருப்பது கான்ஃபிக்கில் உள்ள பிளாக்குக்குள். பெயர் மாறியதும் பழைய முகவரிக்குப் பிளாக்கே இல்லை, அதனுடன் அந்த வரியும் போய்விட்டது, டோஃபு தடையில்லாமல் அழிக்கும். கிளவுட் பக்கமே டேட்டாபேஸுக்கு அழிக்கவிடாத பூட்டான டெலீஷன் புரொடெக்‌ஷன் இருக்கிறது, அதை ஆன் செய்ய வேண்டும். அப்படியே ஸ்கிப்-ஃபைனல்-ஸ்னாப்ஷாட் (அழிக்கும் முன் கடைசி நகல் எடுக்காமல் விடுவது) ட்ரூ என்று இருக்கிறதா என்றும் தேடுங்கள், பயிற்சிக் கட்டுரைகளில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள், மாடலும் அதையே எழுதித் தரும்.

தாமிரபரணி
இன்னொன்றும் பாருங்கள். ஏஜென்ட்டுக்குப் பிளான் மட்டும் ஓட்ட அனுமதி கொடுத்தாலும் அது ஸ்டேட்டைப் படித்தாக வேண்டும், அதில் பாஸ்வேர்டு இருக்கிறது. என்கிரிப்ஷன் இருந்தாலும் பிளான் ஓட்டுபவரிடம் சாவி இருந்தாக வேண்டுமே. பிளானை சிஐயில் (கோடைத் தானியங்கியாகச் சோதிக்கும் சர்வரில்) ஓட்டிவிட்டு, வெளிவரும் எழுத்தை மட்டும் மாடலுக்குக் கொடுங்கள், சென்சிடிவ் என்று குறித்த மதிப்புகள் அதில் மறைந்திருக்கும்.

வேர்க்கடலை
இரண்டையும் இப்போதுதான் போய்ப் பார்த்தேன். புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் டெலீஷன் புரொடெக்‌ஷன் ஆஃப். ஸ்கிப்-ஃபைனல்-ஸ்னாப்ஷாட் ட்ரூ. இரண்டும் ஆறு மாதம் முன்பு நானே அப்ரூவ் செய்த கமிட்டில் இருக்கிறது. மாற்றிவிட்டு பிளான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அழிப்பது பூஜ்யம் என்று வந்ததும் அப்ளை. குபர்னெட்டிஸ் சண்டையை நாளைக்குத் தொடரலாம், கோவை, அதில் இன்னும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.