புதுப்பிப்பு: வெடிப்பை எடுத்துவிட்டேன், பிஸ்கட்டைச் சேர்த்திருக்கிறேன்

சுரங்கம் இடிந்து ஐந்து பேர் சிக்கிக்கொள்ளும் ஒரு விறுவிறுப்பு நாவலை எழுதுகிறேன், மீட்புக் குழு வந்ததுமே கதை படுத்துவிடுகிறது என்று சென்ற மாதம் புலம்பியிருந்தேன். இன்னொரு வெடிப்பைச் சேர்க்கச் சொன்னார்கள் சிலர். சேர்த்தேன். சத்தம்தான் கூடியது.

வழி கிடைத்தது சிலி நாட்டில். 2010 ஆகஸ்ட் 5 அன்று சான் ஹோசே சுரங்கம் சரிந்து 33 பேர் உள்ளே அடைபட்டார்கள். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கரண்டி டப்பா மீன், ஒரு மடக்குப் பால், ஒரு பிஸ்கட், அவ்வளவுதான் பங்கு. மேலிருந்து போட்ட துளைகள் குறி தவறிக்கொண்டே இருந்தன. 17ஆம் நாள் ஒரு துளைக்கருவியின் முனை அவர்களிடம் வந்து இறங்கியது. அதைச் சுத்தியலால் தட்டினார்கள், சிவப்புச் சாயம் பூசினார்கள், சீட்டு எழுதிக் கட்டினார்கள். உயிரோடு இருப்பது உலகுக்கே தெரிந்த பிறகும் வெளியே வர அக்டோபர் 13 ஆகிவிட்டது!

என் கதையில் மீட்புக் குழு வந்தவுடன் கயிறு இறங்கிவிடும். அவசரக்குடுக்கை நான். இப்போது துளையிடும் ஓசை நெருங்குகிறது, சுவரில் காதை வைத்துக் கேட்கிறார்கள், ஓசை மெல்ல விலகிப்போகிறது. கிழவர் பிஸ்கட்டை எண்ணுகிறார், ஒன்று குறைகிறது. யார் எடுத்தது என்பதிலேயே அடுத்த 20 பக்கம் ஓடிவிட்டது.

தலைப்புதான் இன்னும் அகப்படவில்லை.