மெக்சிகாலியில் ஏன் இத்தனை சீன உணவகங்கள்?

செல்வி, சான் டியாகோ:
போன சனிக்கிழமை அமெரிக்க எல்லை ஊரான கலெக்ஸிகோவில் காரை விட்டுவிட்டு, எல்லையை நடந்தே தாண்டி மெக்சிகோவின் மெக்சிகாலி நகரத்துக்குப் போனோம். டாக்கோ சாப்பிடலாம் என்று போனால் திரும்பிய பக்கமெல்லாம் சீனக் கடை! நாங்கள் நுழைந்த கடையில் கல்லாவில் ஒரு சீனப் பெரியவர், பரிமாறியவர் மெக்சிகோக்காரர். இருவரும் ஸ்பானிஷில் ஓயாமல் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒட்டுதல் எப்படி வந்தது?

மணவாளன், எல் சென்ட்ரோ:
முதலில் ஒன்று சொல்லுங்கள். சோயா சாஸிலும் எலுமிச்சையிலும் ஊறிய மஞ்சள் மிளகாய் வைத்தார்களா? அதற்காகவே பதினோரு வருடமாக அந்த ஊருக்குப் போய்வருகிறேன்.

1882-ல் அமெரிக்கா சீனக் கூலிகளுக்குக் கதவைச் சாத்தியது. அப்புறம் நிறையப் பேர் மெக்சிகோவுக்குப் போனார்கள். மெக்சிகாலி சுற்றுவட்டார நிலம் அப்போது லாஸ் ஏஞ்சலிஸ் பணக்காரர்களின் கம்பெனி கையில். அங்கே நிலத்தைத் திருத்தி, வாய்க்கால் வெட்டி, பருத்தி போட்டதில் சீனர் உழைப்பு பெரிது. அவர்கள் குடியிருந்த பேட்டைதான் லா சினேஸ்கா. வெயில் தாங்காமல் கடைகளுக்கு அடியில் நிலவறை கட்டி வாழ்ந்தார்கள். ஒன்றில் இறங்கிப் பார்த்தேன். மேலே 45 டிகிரி. கீழே போனதும் கழுத்து வியர்வை காய்ந்துவிட்டது.

பாரி:
அண்ணா, மிளகாயோடு நிறுத்திவிட்டீர்களே. 1911 மே மாதம் மெக்சிகோவின் டோரெயோன் நகரில் முந்நூறு சீனர்களைக் கொன்றது யார்? 1931-ல் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலிருந்து அவர்களை விரட்டியது யார்? சீனரைக் கட்டிய மெக்சிகோப் பெண்களும் பிள்ளைகளோடு கப்பலேறினார்கள்.

மணவாளன்:
சரிதான், தப்பு என்னுடையது. ஆனால் அதே 1931 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் லா பிளாசிட்டா பூங்காவை அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் சுற்றிவளைத்து, மெக்சிகோக்காரர்களிடம் குடியேற்றக் காகிதம் கேட்டார்கள். பழைய சைனா டவுன் அதை ஒட்டியே இருந்தது. அமெரிக்காவில் விரட்டப்பட்ட இனமே மெக்சிகோவில் சீனரை விரட்டியது. இதை நட்பு என்று மட்டும் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சீனக் கரையோர மக்காவ், ஹாங்காங் ஊர்களில் தவித்த அந்த மெக்சிகோப் பெண்களில் பலர் 1960-ல்தான் ஊர் திரும்பினார்கள். டோரெயோன் படுகொலைக்கு மெக்சிகோ அதிபர் மன்னிப்புக் கேட்டது 2021-ல்!

செல்வி:
நன்றி அண்ணா. மிளகாய் வைத்தார்கள். கெட்டுப்போன ஊறுகாய் என்று நினைத்து ஒதுக்கிவிட்டோம்.