கோஆப் நோடுகள்: களத்தில் பட்டது

காளான்கொட்டகை:
கொட்டகைக்குள் வெப்பம், ஈரப்பதம் பார்க்க 802.15.4 (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேடியோ தரம்) நோடுகள், அதாவது சின்ன சென்சார் கருவிகள், போட்டிருக்கிறோம். ஐபி பாக்கெட்டை அந்த ரேடியோவில் அனுப்ப 6லோபேன், அதன்மேல் சின்னக் கருவிகளுக்கான செய்தி நெறிமுறையான கோஆப் (CoAP). கோடியில் இருக்கிற நோடுகளுக்கு மட்டும் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துகொண்டே இருந்தது. ஸ்னிஃபர் (காற்றில் போகும் பாக்கெட்டைப் பிடிக்கும் கருவி) வைத்தால் விஷயம் தெரிந்தது: ஒவ்வொரு அளவீடும் கன்ஃபர்மபிளாக, அதாவது ஏசிகே (கிடைத்தது என்ற ஒப்புதல்) கேட்கும் செய்தியாகப் போகிறது. சிக்னல் மந்தம், ஏசிகே வருவதில்லை. 2-3 விநாடி பொறுத்து மறுபடி அனுப்பும். அப்புறம் இடைவெளியை இரட்டிப்பாக்கி இன்னும் மூன்று தடவை. அதுவரை ரேடியோவுக்குச் சரியான தூக்கமில்லை. தலைப்பு வெறும் 4 பைட் என்று எல்லோரும் சிலாகிக்கிறார்கள், இங்கே பேட்டரியைத் தின்றது காத்திருப்பு. இப்போது சாதாரண அளவீடெல்லாம் நான்-கன்ஃபர்மபிள். ஒன்று தொலைந்தால் அடுத்தது வந்துவிடப்போகிறது. வெப்பம் எல்லை தாண்டினால் மட்டும் ஏசிகே கேட்கிறோம்.

சாலிடர்வாசம்:
எங்களைப் படுத்தியது துண்டாடல். ஃப்ரேமே மொத்தம் 127 பைட். மேக், ஐபி தலைப்புகளும் பாதுகாப்பும் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில் ஜேசன் (எழுத்துவடிவத் தரவு) உட்காரவில்லை, இரண்டு துண்டாகிவிட்டது. ஒரு துண்டு போனால் மற்றதும் குப்பைதான். பைனரி வடிவமான சிபோருக்கு (CBOR) மாறி, புலப்பெயர்களுக்குப் பதில் எண் வைத்ததும் ஒரே ஃப்ரேமில் அடங்கிவிட்டது.

இரவுப்பணி:
அப்சர்வ் (ஒருமுறை பதிந்தால் மதிப்பு மாறும்போது நோடே தகவல் அனுப்பும் கோஆப் வசதி) பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மின்தடையில், நோடுகளின் தகவலை வாங்கும் கேட்வே ரீபூட் ஆனது. பழைய டோக்கன் (ஒவ்வொரு பதிவின் அடையாளம்) எதுவும் அதற்கு நினைவில்லை. அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்ததும் யாரோ என்னவோ என்று ரீசெட் அடித்துவிட்டது; கேப்சரில் 70 00 என்று தொடங்கும் நாலே பைட். விதிப்படி நோடும், தகவல் அனுப்பவேண்டியவர்கள் பட்டியலிலிருந்து கேட்வேயை நீக்கிவிட்டது. பிறகு ஒரே அமைதி. நோடு நன்றாக இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, திரையில் கடைசி அளவீடும் ஜம்மென்று நிற்கிறது! 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கன்ஃபர்மபிள் அனுப்பச் சொல்கிறது அப்சர்வுக்கான தர ஆவணம், ஆர்எஃப்சி 7641. பட்டியலே காலியானபின் யாருக்கு அனுப்புவது?

எந்தெந்த நோடுகள் என்ற பட்டியலை கேட்வேயின் ஃபிளாஷில் எழுதி வைத்தோம். கேட்வே எழுந்ததும் ஒவ்வொன்றிலும் மறுபதிவு செய்யும். மேக்ஸ்-ஏஜ் (அளவீடு புதியதாகக் கருதப்படும் காலம்) தாண்டியும் தகவல் வராவிட்டால் திரையில் அந்த எண் சாம்பல் நிறமாகிவிடும், பதிவும் மறுபடி போகும். மேக்ஸ்-ஏஜ் நீங்களே குறிப்பிடாவிட்டால் 60 விநாடிதான், மறந்துவிடாதீர்கள்.

காளான்கொட்டகை:
ரீசெட் கதை பயமுறுத்துகிறது, இன்றைக்கே கேட்வேயைப் பிடுங்கிப் போட்டுப் பார்க்கிறேன். தூங்கி எழும் நோடில் டிடிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) ஹேண்ட்ஷேக் கனமாகத் தெரிகிறது. கோஆப் செய்தியையே மறையாக்கும் ஆஸ்கோர் ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?