புதுப்பிப்பு: காரோடு கப்பலில் ஹொக்கைடோ போய்ச் சேர்ந்தோம்

ஜப்பானின் நகோயாவிலிருந்து காரை எப்படி வடக்குத் தீவான ஹொக்கைடோ கொண்டுபோவது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். அந்தத் தீவுக்குக் கடலடியில் போகும் செய்கான் சுரங்கத்தில் ரயில் மட்டும்தான், கார் போகாது. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

தாய்ஹெய்யோ ஃபெர்ரி நிறுவனத்தின் கப்பலைத்தான் பிடித்தோம். எங்களுக்கு அமைந்தது 2011-இல் ஓடத் தொடங்கிய 'இஷிகாரி'. இரவு 7 மணிக்குக் கிளம்பி, மறுநாள் மாலை செண்டாயில் மூன்று மணி நேரம் நின்று, மூன்றாம் நாள் காலை 11 மணிக்கு ஹொக்கைடோவின் தொமக்கோமாய் துறைமுகம். மொத்தம் 40 மணி நேரம்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை: கப்பல் கிளம்பிவிட்டால் கார்த் தளத்துக்கு இறங்க விடமாட்டார்கள். குழந்தையின் மருந்துப் பை டிக்கியிலேயே மாட்டிக்கொண்டது. இரவுப் பையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

செண்டாய் வருவதற்கு முன், பிற்பகலில், எதிர்த்திசையில் ஜோடிக் கப்பல் 'கிசோ' வந்தது. நீண்ட ஹாரன், எல்லாரும் மேல்தளத்தில் கையசைத்தோம். மகள் இன்னும் அதையே வரைந்துகொண்டிருக்கிறாள்.

கான்சாய்க்காரர்களுக்கு (ஒசாக்கா, கியோத்தோ பக்கம்) மைசுருவிலிருந்து ஹொக்கைடோவின் ஒத்தாரு போகும் கப்பல் வழிதான் சரி, ஏறத்தாழ 20 மணி நேரம். தோக்கியோ பக்கம் என்றால் ஓஅராய் துறைமுகம். அங்கே 2025 முதல் எல்என்ஜியில் (திரவ இயற்கை எரிவாயு) ஓடும் 'கமுய்', 'பிரிகா' கப்பல்கள் வந்திருக்கின்றன. அடுத்த முறை அதில்தான்.