கம்மி விலையில மிலிட்டரி டைப் செமி ஆட்டோ ரைஃபிள்: வாங்கினவங்க, சுட்டவங்க அனுபவம் சொல்லுங்க

பிளேனோவாசி

போன வருஷம்தான் கிரீன் கார்டு கைக்கு வந்தது. அதுக்கப்புறம்தான் இந்த ஆசையை வீட்டுல வாய் திறந்தே சொன்னேன். காலேஜ்ல என்.சி.சி.ல .22 (சின்னத் தோட்டா ரைஃபிள்) சுட்டதோட சரி, வேற அனுபவம் கிடையாது. வேட்டைக்கும் இல்ல, வீட்டுப் பாதுகாப்புக்கும் இல்ல. சனிக்கிழமை காலைல ரேஞ்சுக்குப் போய் பேப்பர் டார்கெட்டைச் சுட்டுட்டு வரணும், அவ்வளவுதான். செமி ஆட்டோவா (ட்ரிகரை ஒரு தடவை இழுத்தா ஒரு தோட்டா போறது), பார்க்க ராணுவ ரைஃபிள் மாதிரி இருக்கணும், 700 டாலருக்குள்ள முடியணும். ஏஆர்-15, எஸ்கேஎஸ், மினி-14னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மனைவியும் கூட வர்றாங்க. வச்சிருக்கவங்க நல்லது கெட்டது ரெண்டையும் சொன்னா உதவியா இருக்கும்.

ஹூஸ்டன் அண்ணன்

தம்பி, முதல்ல தோட்டா விலையைப் பாருங்க, துப்பாக்கி விலை அப்புறம். ஒரு சனிக்கிழமைக்கு நூறு தோட்டான்னு வைங்க. ஏஆருக்குப் போடுற .223 இப்ப சுமாரா ஒண்ணு அரை டாலர். அப்ப ஒரு காலைக்கு ஐம்பது டாலர், ரேஞ்ச் கட்டணம் தனி. மாசம் ரெண்டு தடவை போனீங்கன்னா வருஷம் முடியறதுக்குள்ள தோட்டாவுக்குக் கொடுத்தது துப்பாக்கி விலையைத் தாண்டிடும். மலிவா வாங்கிட்டோம்னு சந்தோஷப்படறவங்க நிறைய பேரோட துப்பாக்கி அலமாரியிலேயே கிடக்கறதுக்கு இதுதான் காரணம்.

அப்படியும் ராணுவ டைப்தான் வேணும்னா கண்ணை மூடிக்கிட்டு ஏஆர். யூஜின் ஸ்டோனர் 1950கள்ல ஆர்மலைட்டுக்காக வரைஞ்ச டிசைன், இன்னிக்கு எத்தனையோ கம்பெனி செய்யுது. அதனாலதான் விலை இவ்வளவு இறங்கியிருக்கு, உதிரி பாகமும் எங்க போனாலும் கிடைக்கும். ரூகர் ஏஆர்-556, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி15 ஸ்போர்ட், பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரி இந்த மூணும் உங்க பட்ஜெட்டைச் சுத்தியே வரும். என்கிட்ட இருக்கறது ரூகர். உதை ரொம்பக் கம்மி. தோள்ல வைக்கிற ஸ்டாக்கை இழுத்து நீட்டலாம், குறைக்கலாம். என் வீட்டுக்காரம்மா என்னைவிட ஒரு அடி குள்ளம், ரெண்டு பேருக்கும் ஒரே துப்பாக்கி பொருந்துது. மரக்கட்டை ஸ்டாக் போட்டதுல பெரும்பாலும் இந்த வசதி கிடையாது.

கடையில எடுத்ததும் ஒண்ணு பண்ணுங்க. உள்ள முன்னும் பின்னும் ஓடற போல்ட் கேரியரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்க. அதோட முதுகுல சின்னக் குழாய் மாதிரி ஒண்ணை ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கும், கேஸ் கீ. அந்த ஸ்க்ரூ தலையைச் சுத்தி உலோகத்தை உளியால குத்தி நெரிச்சு விட்டிருக்கணும், ஸ்டேக்கிங்ம்பாங்க. அது வழவழன்னு இருந்துச்சுன்னா, சுடச்சுட ஸ்க்ரூ தளர்ந்து கேஸ் (வெடிப்பு வாயு) கசிஞ்சு துப்பாக்கி திக்க ஆரம்பிக்கும். குழல்ல 5.56னு (.223 மாதிரியே இருக்கற ராணுவத் தோட்டா) பொறிச்சிருக்கான்னும் பாருங்க. 5.56 குழல்ல .223 தாராளமாப் போடலாம். வெறும் .223னு இருந்தா அதுல 5.56 போடக்கூடாது, அழுத்தம் ஜாஸ்தி.

இன்னொண்ணு, மனைவி வரும்போது கழுத்து மூடின சட்டை போடச் சொல்லுங்க. பக்கத்து லேன்ல இருந்து தெறிக்கிற சூடான காலித் தோட்டாக்கூடு காலர்க்குள்ள விழுந்தா கையில துப்பாக்கியோட துள்ளுவாங்க. வேடிக்கையாப் பேசிக்குவோம், ஆனா ரேஞ்சுல நான் பார்த்து பயந்த ஒரே விஷயம் அதுதான்.

இன்னும் எச்1பி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். கேள்வி கேட்டவருக்குப் பிரச்சனை இல்ல. ஆனா இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப்பேர் என்னை மாதிரி எச்1பி வேலை விசாவுலதான் இருப்பீங்க. நான்-இமிக்ரன்ட் விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வாங்கறதுக்கு மட்டுமில்ல, கையில வச்சிருக்கறதுக்கே ஃபெடரல் சட்டத்துல தடை. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் கணக்கு அதேதான். விதிவிலக்குல முக்கியமானது, ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியான வேட்டை உரிமம் கையில இருக்கணும். டீம் அவுட்டிங்னு கூட்டிட்டுப் போறாங்க, எல்லாரும் சுட்டு ஃபோட்டோ போடறாங்க, யாரும் கேக்கறதில்லைங்கறது வேற. எங்க டீம் போனப்ப கவுன்டர்ல இருந்த பெரியவர் என் விசா என்னன்னு கேட்டார். சொன்னதும், "நீ உக்காந்து பாரு, இவங்க சுடட்டும்"னுட்டார். அன்னிக்கு எரிச்சலா இருந்தது. கிரீன் கார்டு வரிசையில நிக்கறவனுக்கு அந்தாளு செஞ்சது உபகாரம்தான்.

நாஷ்வில் மாமா

எஸ்கேஎஸ் பத்தி யாரும் இன்னும் வாய் திறக்கல, அதனால நான்.

சிமோனோவ் டிசைன், 1945. பத்து தோட்டா பிடிக்கிற மேகசின் கீழயே பொருத்தியிருக்கும், மேலிருந்து தோட்டா செருகின கிளிப் வச்சு கட்டைவிரலால அழுத்தி இறக்கணும். மர ஸ்டாக், சிலதுல மடக்கற பயனெட்டும் (முனைக் கத்தி) இருக்கும். ராணுவத்துல நிஜமாவே இருந்த துப்பாக்கி வேணும்னா இதுதான், ஏஆர் மாதிரி சிவிலியன் நகல் இல்ல. எனக்கு இதுமேல ஒரு கிறுக்கு, ஒத்துக்கறேன். 90கள் ஆரம்பத்துல நூறு டாலருக்குக் குறைச்சு டப்பா டப்பாவா வித்தாங்க. 1994ல சீனத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்தினாங்க, அன்னியிலேர்ந்து விலை ஏறுமுகம்தான். இப்ப நல்ல பீஸ் உங்க பட்ஜெட்டைத் தொட்டுடும். ஆக ‘மலிவு எஸ்கேஎஸ்’ங்கறது பழைய கதை. தோட்டாவும் அப்படித்தான். இதுக்குப் போடற 7.62x39 ரஷ்யாவுலேர்ந்து வந்தவரைக்கும் கொள்ளை மலிவு. 2021ல புது இறக்குமதிக்கு அனுமதி தர்றதை அரசாங்கம் நிறுத்தினதோட அந்தச் சுகமும் போச்சு.

என்னோடது யூகோஸ்லாவிய எம்59/66. வந்தப்ப துப்பாக்கியே தெரியல, முழுக்க காஸ்மோலின், பழுப்புக் கிரீஸ். உலோகத்தை மினரல் ஸ்பிரிட்ஸ்ங்கற பெயின்ட் தின்னர்ல ஊறப்போட்டேன். ஸ்டாக்கைப் பழைய துணி சுத்தி கறுப்புக் குப்பைப் பையில கட்டி ஆகஸ்ட் வெயில்ல கார் டேஷ்போர்டுல வச்சேன். மரத்துக்குள்ள ஊறியிருந்த கிரீஸ் கசிஞ்சு கசிஞ்சு துணி எல்லாம் சொதசொதன்னு ஆச்சு. கார்ல அந்த வாடை தீபாவளி வரைக்கும் போகல.

இந்த வேலையைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுடாதீங்க. எஸ்கேஎஸ்ல ஃபயரிங் பின் (தோட்டாவோட பின்பக்கத்தை அடிக்கிற ஊசி) பெரும்பாலும் ஸ்பிரிங் இல்லாம உள்ள சும்மா ஆடிக்கிட்டு இருக்கும். பழைய கிரீஸ் இறுகி அது முன்னாடியே சிக்கிக்கிச்சுன்னா, ட்ரிகரைத் தொடாமலேயே போல்ட் மூடும்போது வெடிக்கும், ஒண்ணு இல்ல, வரிசையாக்கூட வெடிக்கும். போல்ட்டைக் கழற்றி காதுகிட்ட ஆட்டிப் பாருங்க. கடகடன்னு பின் ஓடற சத்தம் கேக்கணும். கேக்கலன்னா அதைச் சுடாதீங்க. கடைக்காரர் முன்னாடியே இதைச் செய்யலாம், ஒண்ணும் தப்பா நினைக்கமாட்டாங்க.

பழைய ராணுவத் தோட்டா நிறைய கரோசிவ். சுட்டபிறகு குழல்ல உப்பு தங்கும், எண்ணெய் போட்டா போகாது. தண்ணி ஊத்திக் கழுவிட்டுத்தான் எண்ணெய். யூகோ குழலுக்குக் குரோம் பூச்சு கிடையாது, ராத்திரி தூங்கி எழுந்தா துரு தெரியும். சீனாவுதுல பெரும்பாலும் குரோம் உண்டு.

இன்டோர் ரேஞ்சுக்குப் போறதா இருந்தா இன்னொரு தொல்லை. வாசல்லயே காந்தம் வச்சிருப்பாங்க. உங்க தோட்டாவோட நுனியில வச்சு ஒட்டுச்சுன்னா உள்ள விடமாட்டாங்க. மலிவு இரும்புக்கூடு தோட்டா முக்கால்வாசி ஒட்டும். மலிவுன்னு பெட்டி பெட்டியா வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னு சண்டை போட்டவரை நேர்லயே பார்த்திருக்கேன்.

எரி ஏரிக்கரை

நான் சொல்வது உங்கள் பட்ஜெட்டுக்குச் சற்று மேலே, கிரீன் கார்டுக்கும் பொருந்தாது. குடியுரிமை வாங்கியவர்கள் படிக்கலாம். சி.எம்.பி. எனப்படும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம், ராணுவம் கழித்த எம்1 கேரண்டுகளை நேரடியாக விற்கிறது. குடிமகனாக இருக்க வேண்டும், இணைப்புப் பெற்ற கிளப்பில் உறுப்பினராக வேண்டும், சுடும் பயிற்சி பெற்றதற்கு ஆவணம் வேண்டும். கேரண்ட் 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற துப்பாக்கி, 50 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்டுத் தோட்டா கிளிப்போடு உள்ளே போகும். கடைசித் தோட்டா போனதும் காலி கிளிப் ‘டிங்’ என்று மேலே எகிறும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, நானும் ஒருவன்.

ஆனால் நாலு கிலோவுக்கு மேல் கனம். .30-06 தோட்டா ஒன்று ஒரு டாலரைத் தாண்டும். வேட்டைக்கு விற்கும் வீரியமான .30-06 போட்டால் ஆப்பரேட்டிங் ராட் (போல்ட்டை இயக்கும் கம்பி) வளைந்துவிடலாம், கேரண்டுக்கென்றே செய்ததைத் தேடித்தான் வாங்க வேண்டும். இங்கே ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் கோடைதோறும் நடக்கும் தேசியப் போட்டிகளில் 200 கஜத்தில் கேரண்ட் மேட்ச் உண்டு. பக்கத்து இடத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னைவிட நன்றாகச் சுட்டார்.

சான் ஹோசே அக்கா

கேட்டவர் டெக்சாஸ், சரி. வேலை மாறி இங்க வந்தா அந்த ஏஆர் அப்படியே வரமுடியாது. கலிஃபோர்னியாவுல பிஸ்டல் கிரிப், கழற்றற மேகசின்னு ஒவ்வொண்ணுக்கும் விதி. இல்லினாய், வாஷிங்டன் ரெண்டுலயும் 2023லேர்ந்து விற்பனைக்கே தடை. ஐடி வேலையில இருக்கறவங்க இதை யோசிக்காம வாங்கறாங்க. இங்க தோட்டா வாங்கவும் ஒவ்வொரு தடவையும் சரிபார்ப்பு, போதாக்குறைக்கு 2024 ஜூலைலேர்ந்து 11 சதவீதம் தனி வரி வேற.

நான் சொல்றது சப்புன்னு இருக்கும்: .22 வாங்குங்க. எம்&பி15-22ன்னு ஒண்ணு இருக்கு. பார்க்க ஏஆரேதான், சேஃப்டி, மேகசின் பட்டன் எல்லாம் அதே இடம். ஐநூறுக்குள்ள வரும். தோட்டா பத்து சென்ட்டுக்குக் கீழேயும் கிடைக்குது. அண்ணன் சொன்ன ஐம்பது டாலர் எனக்குப் பத்து டாலர்ல முடியுது. எடை கம்மி, சத்தம் கம்மி. முதல் தடவை வர்றவங்க பயந்து கண்ணை மூடிக்கிட்டு ட்ரிகரை இழுக்கமாட்டாங்க. பெரிய ரைஃபிள்ல ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் ரேஞ்ச் பக்கமே வராத மனைவிமார் எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க. ஒரே குறை, மலிவான .22 அப்பப்ப வெடிக்காது. வெடிக்கலன்னா உடனே எடுக்காம, டார்கெட் பக்கமே நீட்டி வச்சு அரை நிமிஷம் காத்திருக்கணும்.

வீட்டுல குழந்தை இருந்தா சேஃபுக்கு ஒரு இருநூறு டாலர் தனியா எடுத்து வைங்க. கூட வர்ற கேபிள் பூட்டை நம்பாதீங்க.

பிளேனோவாசி

எல்லாருக்கும் நன்றி. நேத்து ரேஞ்சுல ஏஆரும் அந்த .22வும் வாடகைக்கு எடுத்து ரெண்டு பேரும் சுட்டோம். ஏஆர் எனக்குப் பிடிச்சது. மனைவி ரெண்டாவது மேகசினோட கீழ வச்சுட்டாங்க, .22வை மட்டும் திருப்பித் தர மனசே வரல அவங்களுக்கு. எஸ்கேஎஸ் ஆசை இன்னும் இருக்கு, ஆனா கிரீஸ் கதை கேட்டதும் வீட்டுல அனுமதி மறுக்கப்பட்டது. இந்த மாசம் .22, சேஃப். குறிபார்க்கற சைட் பத்தி மட்டும் ஒரு சந்தேகம்: ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டற சைட்) உடனே போடலாமா?

ஹூஸ்டன் அண்ணன்

துப்பாக்கியோட வர்ற சைட்டுலயே முதல் ஐநூறு தோட்டா போகட்டும் தம்பி. அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல இயர் மஃப் வாங்குங்க. இன்டோர்னா காதுக்குள்ள ஃபோம் பிளக், மேல மஃப், ரெண்டும் சேர்த்து.